ஒயர் தூக்கும் வீடு

கிட்டே வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கையிலிருக்கிற போனைக் கவிழ்த்து வைத்துவிடுங்கள், அது ஒன்றும் கோபித்துக்கொள்ளாது. அந்தப் போனைப் பற்றியும் அதற்கு உயிர் கொடுக்கிற ஒயரைப் பற்றியும்தான் இந்தக் கதை. கேட்டு முடிக்கும்போது உங்கள் முகத்தில் ஒரு சிரிப்பு ஒட்டிக்கொண்டிருக்கும், அதற்கு நான் பொறுப்பு.

பட்டாபிராமில் ரயிலை விட்டு இறங்கி, ராணுவச் சரக்கு ரயில் நிற்கிற சைடிங்கின் மதிலை ஒட்டியே நடந்தால் எல்லையம்மன் கோயில் தெரு வரும். ஒரு பக்கம் அந்த நெடுமதில். இன்னொரு பக்கம் புதிதாக எழும்பி நிற்கிற அடுக்குமாடிக் குடியிருப்பு. இரண்டுக்கும் நடுவே பள்ளத்தில் கிடக்கிறது தெரு. மழை எங்கே பெய்தாலும் தண்ணீர் வழி கேட்டுக்கொண்டு அங்கே வந்துவிடும். போன் சிக்னல் மட்டும் ஒழுங்காக வராது. பேச வேண்டுமென்றால் மொட்டை மாடிக்கு ஏறி, தண்ணீர்த் தொட்டியின் மேல் நின்று, ஆவடிப் பக்கமாகத் திரும்பிப் பேச வேண்டும்.

அந்தத் தெருவின் நடுவில்தான் திருவேங்கடத்தின் வீடு. அவர் கீரைக்காரர். திருநின்றவூர் ஏரிக்குப் பின்னால் துண்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, அரைக்கீரை, சிறுகீரை, முளைக்கீரை என்று பாத்தி பாத்தியாகப் போட்டிருந்தார். விடிவதற்குள் பறித்து, வேர்மண்ணை வாய்க்காலில் அலசி, வாழைநாரால் கட்டி, ஈரச்சாக்கில் சுற்றி, மொபெட்டின் பின்னால் வைத்து ஆவடி மார்க்கெட்டில் சேர்ப்பார். மண்ணும் கீரைச்சாறும் ஏறி ஏறி அவருடைய விரல் நுனிகள் காய்ந்த பனங்கொட்டை மாதிரி ஆகிவிட்டன. ரேஷன் கடையில் ரேகை வைக்கிற மெஷின் அவர் கட்டைவிரலை ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. டச் போனும் அப்படித்தான்.

“நான் தொட்டா அதுக்கு சொரணையே இல்ல. அஞ்சல தொட்டா மட்டும் பளிச்சினு முழிச்சிகுது. ஆள் பாத்து வேல செய்ற மிஷினு எனுக்கு இன்னாத்துக்கு?” என்பார்.

“யோவ், கைய கழுவிகினு தொடுய்யா. அது போனு, களக்கொத்தி இல்ல,” என்பாள் அவர் மனைவி அஞ்சலை.

அதனால் அவர் சட்டைப் பையில் பட்டன் போன்தான். ஆனால் சாப்பிட்ட பிறகு அஞ்சலை தன் போனில் சமையல் வீடியோ பார்க்க உட்கார்ந்தால், அவள் தோளுக்குப் பின்னால் மெதுவாக வந்து உட்கார்ந்துகொள்வார். “அந்த ஆட்டுச் சந்தைய கொஞ்சம் போடுமே,” என்பார். நெட்டு நாட்டைக் கெடுக்கிறது என்பதும் அவர் அபிப்பிராயம், நெட்டில் ஆடு விலை சரியாகச் சொல்கிறார்கள் என்பதும் அவர் அபிப்பிராயம்.

அவர்களுக்கு ஒரே மகள், கிருஷ்ணப்பிரியா. கம்ப்யூட்டர் படித்துவிட்டு, ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு மொபைல் கடையில் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தாள். ஒரு தூசு கூட உள்ளே சிக்காமல் ஒட்டுவாள். ஆளுக்கொரு அபிப்பிராயத்தோடு கடைக்கு வருவார்கள். ராத்திரியெல்லாம் சார்ஜ் போட்டால் போன் குண்டாகிவிடும் என்பார் ஒருவர். ராகுகாலத்தில் புது சிம் போட மாட்டேன் என்பார் இன்னொருவர். அஞ்சலையின் அண்ணன் துலுக்கானமே ஒருநாள் வந்து, “போனு ரொம்ப ஸ்லோவா கீது கண்ணு, இன்னான்னு பாரு,” என்று நீட்டினார். திறந்து பார்த்தால் லாரி லாரியாகக் குட் மார்னிங் படங்கள். அழிக்கட்டுமா என்று கேட்டாள்.

“அய்யய்யோ, எல்லாம் சாமி படம். அழிச்சா குத்தம் ஆயிடும். வேற இன்னாவாவது அழி.”

“வேற ஒண்ணுமே இல்ல மாமா!”

இந்தத் துலுக்கானம்தான் எல்லையம்மன் கோயிலுக்குப் பெரியதனம். கூழ் வார்க்கிறதிலிருந்து சப்பரம் கிளம்புகிற நேரம் வரைக்கும் எல்லாம் அவர் வாய்ச்சொல்.

கிருஷ்ணப்பிரியாவுக்குக் கண்ணாடி ஒட்டியே காலம் தள்ள விருப்பமில்லை. போனுக்குள் ஓடுகிற ஆப்கள் சரியாக ஓடுகின்றனவா என்று சோதித்துப் பார்க்கிற வேலை இருக்கிறதல்லவா, அதற்கு எழுதிப் போட்டுக்கொண்டே இருந்தாள். இரண்டு கம்பெனிகள் கூப்பிட்டன. இரண்டு இன்டர்வியூவும் போனில், முகம் பார்த்துப் பேசுவது. முதல் தடவை அறைக்குள் உட்கார்ந்து பேசினாள், படம் உறைந்துபோயிற்று. அடுத்த தடவை உச்சி வெயிலில் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறிக் குடை பிடித்துக்கொண்டு பேசினாள். “கேக்குதா சார், கேக்குதா சார்” என்று அவள் கேட்டது தெருவுக்கே கேட்டது, அந்த சாருக்கு மட்டும் கேட்கவில்லை.

அன்றைக்கு அவள் தொட்டியிலிருந்து இறங்கி வந்து பேசாமல் சோறு தின்றதைத் திருவேங்கடம் பார்த்துக்கொண்டே இருந்தார். அழுதிருந்தால் கூடத் தேவலை. மறுநாள் மார்க்கெட்டிலிருந்து நேராகக் கேபிள்காரர் சம்பந்தத்தின் கடைக்கு மொபெட்டை விட்டார்.

“சம்பந்தம், அந்த நெட்டு பெட்டி ஒண்ணு எங்கூட்டுல வெச்சி வுடு.”

“இன்னா அண்ணாத்தே, நெட்டு நாட்ட கெடுக்குதுன்னு போன மாசந்தான டீக்கடையில சொல்லிகினு இருந்தே?”

“நாடு கெட்டா கெட்டுகினு போவுது. எம் பொண்ணு பேசுறது ஒயரு வழியா ஒழுங்கா போவணும். அது போதும்.”

இப்படித்தான் பங்குனியில் பெட்டி வந்தது. தெருமுனைக் கம்பத்திலிருந்து ஒரு கறுப்பு ஒயர் தெருவைக் குறுக்கே தாண்டி வந்து, ஜன்னல் வழியாக நுழைந்து, அலமாரி மேல் உட்கார்ந்திருந்த பெட்டிக்குள் புகுந்தது. பெட்டியில் பச்சையாக ஒரு விளக்கு மினுக்கியது. அஞ்சலை முதல் நாளே அதற்குப் பொட்டு வைத்தாள். ஓட்டைகளில் குங்குமம் போகாமல் பார்த்து வைத்தாள்.

ஆடி பிறந்ததும் மூன்றாவது கம்பெனி கூப்பிட்டது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஆபீஸ், கேள்வி கேட்கப்போகிற அம்மாள் மட்டும் வடக்கே எங்கேயோ இருக்கிறாள். தேதியைப் பார்த்ததும் அஞ்சலை தலையில் கை வைத்துக்கொண்டாள். மூன்றாம் ஆடி வெள்ளி, சாயந்திரம் ஐந்து மணி. எல்லையம்மன் சப்பரம் கிளம்புகிற நாள்.

“வேற நாள் கேக்கக் கூடாதாம்மா?”

“கேட்டுட்டேம்மா. அன்னிக்கு இல்லன்னா இல்லையாம். எனுக்கு அப்பால எத்தினியோ பேர் நிக்கிறாங்களாம். அதுவும் இது கடசி ரவுண்டு. இது பூடுச்சின்னா கண்ணாடி ஒட்டிகினே கெடக்க வேண்டியதுதான்.”

இங்கே அந்தத் தெருவின் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். அம்மன் ஊர்வலத்தில் பழைய குடிகளில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வேலை உண்டு. ஒரு வீடு பூ கட்டும், ஒரு வீடு கரகம் ஜோடிக்கும். திருவேங்கடத்தின் வீட்டுக்குச் சப்பரத்தின் மேல் நின்று, நுனியில் கவை வைத்த மூங்கில் கழியால் வழி விலக்குகிற வேலை. அவருடைய அப்பா காலத்தில் புளியங்கிளையை விலக்கினார்கள். இப்போது கரண்டு ஒயர், கேபிள் ஒயர், போன் ஒயர். கிளை தூக்கிய வீடு ஒயர் தூக்கும் வீடாகிவிட்டது. காப்புக் கட்டி மேலே ஏறிவிட்டால், அம்மன் கோயிலுக்குத் திரும்புகிற வரைக்கும் அந்த ஆள் தரையில் கால் வைக்கக் கூடாது.

இன்னொரு வழக்கமும் உண்டு. சப்பரம் ஒவ்வொரு வாசலிலும் நிற்கும். அந்த வீட்டுக்காரி தேங்காய் பழத் தட்டைக் கொடுப்பாள், பூசாரி பேர் சொல்லி அர்ச்சனை செய்து தட்டைத் திருப்பித் தருவார். அதற்குப் பிறகுதான் சப்பரம் நகரும். தட்டு வாங்காமல் ஒரு வாசலைத் தாண்டினால் அம்மன் அந்த வீட்டை மறந்துவிட்டாள் என்று அர்த்தம். அப்படி அந்தத் தெருவில் ஒருநாளும் நடந்ததில்லை.

தாழ்வாகத் தொங்குகிற ஒயர்களை என்ன செய்வது என்று துலுக்கானம் ரொம்ப யோசிக்க மாட்டார். ஊர்வலத்துக்கு முதல் நாள் ஆள் வைத்து அறுத்துவிடுவார். அந்த ஆடியிலும் திருவேங்கடத்தின் வாசலில் வந்து நின்று, அண்ணாந்து, கறுப்பு ஒயரைப் பார்த்தார்.

“மச்சான், இது ஆவாது. அம்மன் தலைக்கு மேல புடிக்கிற கொடைல மாட்டும்.”

“மாட்டாது மச்சான். நான் மேலதான நிக்கிறேன், தூக்கி வுட்டுட மாட்டேன்?”

“இத்தினி ஒயரையும் நீ ஒருத்தனே தூக்கிகினு நிப்பியா? அறுத்துட்டு அப்பால கட்டிக்கலாம். அம்மனுக்கு வழி வுடணுமா, உன் நெட்டுக்கு வழி வுடணுமா?”

உள்ளேயிருந்து அஞ்சலையின் குரல் வந்தது. “ஏண்ணா, தெனம் காலையில கோயில் குரூப்புல எட்டு சாமி படம் போடுறியே, அது இன்னா காத்துலயா வருது? அதுவும் நெட்டுதான்!”

“அது பக்தி, அஞ்சல.”

“அப்ப இது வேல. ஒயர்ல கை வெச்சே, இந்த வருசம் ஊட்டுக் கூழு உனுக்குக் கெடையாது.”

கூழ் கிடையாது என்றால் கருவாட்டுக் குழம்பும் கிடையாது என்று துலுக்கானத்துக்குத் தெரியும். கடைசியில் சம்பந்தம் வந்து வழி சொன்னார். எதிர்ப்பக்கம் மதிலோரம் நிற்கிற தென்னையின் கழுத்தில் கட்டி ஒயரை உயர்த்திவிடலாம் என்றார். ஏணி வைத்து ஏறி, தேங்காய்க் குலைக்குக் கீழே கட்டி, மொட்டை மாடிக் கம்பியில் இழுத்து முடிந்தார். துலுக்கானம் கீழே நின்று, “இன்னும் மேல, இன்னும் மேல,” என்று கழுத்து வலிக்கும்வரை சொன்னார். முடிந்ததும் எல்லோரும் அண்ணாந்து பார்த்து மெச்சிக்கொண்டார்கள். எப்படியும் விளக்கு வைத்த பிறகுதானே சப்பரம் இந்த வாசலுக்கு வரும், அதற்குள் பெண் பேசி முடித்திருப்பாள், இது வெறும் முன்ஜாக்கிரதைதான் என்று பேசிக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை வந்தது. கோயில் முன்னால் அண்டா அண்டாவாகக் கேழ்வரகுக் கூழ் கொதித்து இறங்கியது. நொய் குழைந்து, உப்பும் மோரும் சேர்ந்து, சின்ன வெங்காயம் மிதக்க, பக்கத்தில் முருங்கைக்கீரைப் பொரியல், மொச்சை போட்ட கருவாட்டுக் குழம்பு. அடுக்குமாடிக்காரர்கள் ஸ்டீல் பாட்டிலோடு இறங்கி வந்தார்கள். அதில் ஒரு பெண் கூழை நான்கு பக்கமும் படம் எடுத்து முடிப்பதற்குள் அது ஆறி ஏடு கட்டிவிட்டது. “குடிம்மா, போட்டோவுல பசி ஆறாது,” என்று அஞ்சலை இன்னொரு அகப்பை சூடாக ஊற்றினாள்.

மத்தியானத்துக்கு மேல் காற்று நின்றது. திருநின்றவூர்ப் பக்கமிருந்து மேகம் எழும்பி, கரும்பலகை மாதிரி மேற்கை அடைத்துக்கொண்டு வந்தது. துலுக்கானம் வானத்தைப் பார்த்தார், பூ ஜோடித்த சப்பரத்தைப் பார்த்தார்.

“மழ வர்றதுக்குள்ள அம்மாவ சுத்தி கொண்டாந்துடணும். கெளப்பு வண்டிய!”

காப்புக் கட்டிய கையோடு சப்பரத்தின் மேல் ஏறியிருந்த திருவேங்கடம் குனிந்தார். “மச்சான், இன்னும் பொழுதே சாயலியே!”

“வானம் உன் பொழுத கேட்டுகினா வரும்? கெளம்புடா!”

சப்பரத்தை இழுக்கிற டிராக்டர் உறுமியது. முன்னால் பம்பையும் உடுக்கையும். பின்னால் ஒரு மீன்பாடி வண்டியில் ஜெனரேட்டர், சப்பரத்தின் சீரியல் விளக்குகளுக்கு. அதைப் பார்த்துக்கொள்கிறவரும் சம்பந்தம்தான். ஆடி மாதத்தில் அவர் கேபிள் கடையை மூடிவிட்டு மைக் செட்டுக்கு வந்துவிடுவார். வாசலுக்கு வாசல் நின்று, தட்டு வாங்கி, ஒயர் ஒயராகத் தூக்கி விட்டுக்கொண்டு சப்பரம் நகர்ந்தது. திருவேங்கடம் மேலே நின்றபடி மனசுக்குள் கணக்குப் போட்டார். அவர் வீட்டு வாசலுக்கு வரும்போது பெண் பேசிக்கொண்டிருப்பாள். பேசட்டும். ஒயர்தான் உயரத்தில் இருக்கிறதே.

சப்பரம் வீட்டு வாசலில் வந்து நின்றது. மேலே இருந்து ஜன்னல் வழியாக அவருக்கு மகள் தெரிந்தாள். தலைக்குப் பூ வைத்து, அரிசி டின்னில் சாய்த்து வைத்த போனுக்கு எதிரே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அவளுடைய கை ஏதோ விளக்கிக்கொண்டிருந்தது. வாய் சிரித்துக்கொண்டிருந்தது. காற்று எழும்பித் தென்னை ஆடியதில் ஒயர் தொய்ந்து அம்மன் குடைப் பக்கம் வந்தது. திருவேங்கடம் கவையை நீட்டி அதை ஏந்திக்கொண்டார்.

அப்போது மகளின் கை பாதியில் நின்றது. அவள் போனைத் தட்டினாள். திரும்பி அலமாரி மேலே பார்த்தாள். அந்த முகத்தை அவர் முன்பு பார்த்திருக்கிறார், தண்ணீர்த் தொட்டியிலிருந்து இறங்கி வந்த அன்றைக்கு.

அர்ச்சனைத் தட்டும் கையுமாக அஞ்சலை வாசலுக்கு ஓடி வந்தாள். “யோவ்! பெட்டி அணைஞ்சி பூடுச்சிய்யா!”

“ஒயரு நல்லாத்தான கீது! நாந்தான் புடிச்சிகினு கீறேனே!”

“ஒயரு இல்லய்யா, கரண்டு! கரண்ட நிறுத்திட்டாங்க!”

திருவேங்கடம் தெருவைப் பார்த்தார். வீடுகளில் ஒரு விளக்குகூட இல்லை. இருக்காது. கரண்டு ஒயர்கள் தாழ்ந்து தொங்குகிற நடுத்தெருவுக்குச் சப்பரம் வந்தால் கரண்டு ஆபீஸ்காரர்கள் தெருவின் கரண்டை நிறுத்திவிடுவார்கள், வருஷா வருஷம் நடப்பதுதான். பிறந்ததிலிருந்து அதைப் பார்த்து வருகிறவர் அவர். ஒயரைத் தொட்டுத் தூக்குகிற உயிருக்காகத்தான் அந்த ஏற்பாடே. பெட்டி வந்த பிறகு வருகிற முதல் ஆடி இது. ஒயருக்கு வழி பார்த்தார்கள், ஏணி பார்த்தார்கள், தென்னை பார்த்தார்கள். பெட்டிக்கும் கரண்டு வேண்டும் என்று அத்தனை பேரில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

கிருஷ்ணப்பிரியா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “நைனா! அந்த மேடம் எஸ்.எம்.எஸ். அனுப்பிச்சிருக்காங்க. கொஞ்ச நேரம் பாப்பாங்களாம். இல்லன்னா அடுத்த ஆள கூப்டுடுவாங்களாம்!”

“போன் நெட்டுல வரக் கூடாதா கண்ணு?”

“ஒரு புள்ளி கூட இல்ல நைனா. வர்ற கொஞ்சத்தயும் மொத்த தெருவும் சாமிய லைவ் போட்டு இஸ்துகினு கீது!”

இறங்கி ஓடலாம் என்று அவர் கால் துடித்தது. கையில் மஞ்சள் காப்பு இருந்தது. கவையில் ஒயர் இருந்தது. இரண்டையும் விட முடியாமல் மேலேயிருந்து கத்தினார்.

“சம்பந்தம்! ஜெனரேட்டர்ல இருந்து ஒரு ஒயர இஸ்து ஊட்டுக்குள்ள குடு!”

சம்பந்தம் துலுக்கானத்தைப் பார்த்தார். துலுக்கானத்தின் மீசை எழும்பியது.

“இன்னா மச்சான் பேசுறே? அம்மன் வெளக்குக்கு ஓடுற மிஷினு அது. அதுல உன் நெட்ட ஓட்டுவியா? நாள பின்ன எவனாவது மிக்ஸி போடுறேன், கிரைண்டர் போடுறேன்னு வந்து நிப்பான். அதெல்லாம் ஆவாது. அஞ்சல, தட்ட குடு. வானம் இருட்டிகினு வருது.”

அஞ்சலை தட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

“குடுக்க மாட்டேன்.”

பம்பைக்காரரின் கோல் அப்படியே நின்றது.

“இன்னாது?”

“குடுக்க மாட்டேங்கிறேன். பொட்டிக்கு உயிர் வந்தா தட்டு வரும். வரலன்னா தட்டு எங்கிட்டயே இருக்கும்.”

“சாமி தட்டுல வெளாடாத, அஞ்சல!”

“வெளாடல. தட்டு வாங்காம தாண்டணும்னா தாண்டிகினு போ. உன் கூடப்பொறந்தவ வாசல அம்மன் மறந்துட்டான்னு நாளைக்கு நீயே குரூப்புல போட்டுடு.”

எங்கோ இடி உருண்டது. சப்பரத்துப் பூவின் மேல் ஒரு சொட்டு விழுந்ததைப் பூசாரி விரலால் தொட்டுக் காட்டினார். துலுக்கானம் தங்கையைப் பார்த்தார். சின்ன வயசில் மரத்திலிருந்து இறங்க மாட்டேன் என்றால் இறங்கவே மாட்டாள், அப்படிப்பட்டவள். ஜன்னலில் நின்ற மருமகளைப் பார்த்தார். அவருடைய போனைத் திறந்து, ஒரு சாமிப் படத்தையும் அழிக்காமல் எப்படியோ அதை வேகமாக ஓட வைத்துக் கொடுத்தவள். அவள் அழவில்லை, கெஞ்சவும் இல்லை. கண்ணை மூடி ஏதோ வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள், இன்னும் கேட்காத கேள்விக்குப் பதில் போல.

“டேய் சம்பந்தம்,” என்றார் துலுக்கானம். “இன்னாடா பாத்துகினு நிக்கிறே? இஸ்துகினு ஓடுடா ஒயர!”

ஒயர்ச் சுருள் கை மாறிக் கை மாறி ஜன்னலுக்குள் போயிற்று. “வோல்டேஜு ஏறுனா பொட்டி பூடும், சீரியல் செட்டுல பாதிய அணைச்சா நின்னு ஓடும்,” என்றார் சம்பந்தம். சப்பரத்தின் ஒரு பக்கத்து விளக்குகள் அணைந்தன. எல்லையம்மன் ஒரு கன்னம் வெளிச்சத்திலும் ஒரு கன்னம் நிழலிலுமாக உட்கார்ந்திருந்தாள். உள்ளே பச்சை விளக்கு இரண்டு தடவை மினுக்கி நிலைத்தது.

அனுமதி கொடுத்த பிறகு துலுக்கானத்தைப் பிடிக்க முடியவில்லை. இன்டர்வியூவையே அவர் நடத்துகிற மாதிரி ஆகிவிட்டார். “பம்ப நிறுத்து! டிராக்டர ஆஃப் பண்ணு! மீன்பாடி வண்டிய ஒயரு எட்டுற மட்டும் பின்னால தள்ளு, சத்தம் வருது. டேய், எவன்டா இருமுறது? அப்பால போய் இருமு!” சொல்லிவிட்டுத் தன் போனை உயர்த்திப் பிடித்தார்.

“அண்ணா, உன் லைவையும் நிறுத்து,” என்று அஞ்சலை பல்லைக் கடித்தாள்.

“ஓ. ஆமா.”

அத்தனை பெரிய கூட்டம் மூச்சுக் காட்டாமல் நின்றது. அடுக்குமாடிப் பால்கனிகளில் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள், துலுக்கானம் அவர்களையும் வாயில் விரல் வைத்து அடக்கினார். ஜன்னல் வழியாகக் கிருஷ்ணப்பிரியாவின் இங்கிலீஷ் தெருவுக்கு வந்தது. முதலில் கொஞ்சம் நடுங்கியது. பிறகு ஒரு சிரிப்பு, அந்தப் பக்கத்திலிருந்தும் ஒரு சிரிப்பு. அப்புறம் ஏரித்தண்ணீர் மதகில் இறங்குகிற மாதிரி தடையில்லாமல் ஓடியது.

“இன்னா சொல்லுது?” என்று பம்பைக்காரர் கிசுகிசுத்தார்.

“தெரியல. ஆனா திக்காம சொல்லுது,” என்றார் பூசாரி.

மேலே திருவேங்கடத்துக்குத் தோள் கழன்றுவிடும் போல் இருந்தது. தென்னை ஆடும்போதெல்லாம் ஒயர் கவையைப் பிடுங்கியது. எத்தனையோ ஆடிகளாக ஒயர் தூக்கியிருக்கிறார், எந்த ஒயருக்குள் என்ன போகிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. இப்போது மூங்கில் கழியின் நுனியில், அவர் ரெண்டு கைக்கும் மேலே, அவர் பெண்ணின் பேச்சு போய்க்கொண்டிருந்தது. அவருக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் மொபைல் கடையில் கண்ணாடி ஒட்டும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒட்டி முடித்ததும் மெதுவாக விடுவாளே, அந்த மூச்சு அவர் காதுக்குத் தெரிந்தது. கையை இன்னும் ஒரு சாண் உயர்த்தினார்.

தூறல் விழத் தொடங்கியது. ஒருத்தரும் நகரவில்லை. துலுக்கானம் தன் தோளிலிருந்த புதுத் துண்டை எடுத்து, தலையில் போட்டுக்கொள்ளாமல், ஜன்னல் ஓரம் போகிற ஒயரின் இணைப்பின் மேல் சம்பந்தத்தோடு சேர்ந்து குடையாகப் பிடித்துக்கொண்டார்.

உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. கிருஷ்ணப்பிரியா வாசலுக்கு வந்தாள். தெருவே அவள் வாயைப் பார்த்தது. அவள் அண்ணாந்து அப்பாவைப் பார்த்தாள்.

“கெடச்சிடுச்சி நைனா! ஆர்டரு மெயில்ல வருமாம். திங்கக்கெழம அம்பத்தூருக்கு வரச் சொல்லிட்டாங்க!”

பம்பை தானாக வெடித்துக் கிளம்பியது. அஞ்சலை அண்ணன் தோளில் ஒரு குத்து விட்டாள், அழுதாள், சிரித்தாள். “ஏன் பாதியில கட் ஆச்சின்னு கேட்டாங்களா கண்ணு?” என்று மேலிருந்து கேட்டார் திருவேங்கடம்.

“கேட்டாங்க. உள்ளத சொல்லிட்டேன் நைனா. எங்க சாமி தெருவுல வருது, அதுக்காக கரண்டு நிறுத்திட்டாங்க, இப்ப சாமியோட ஜெனரேட்டர்லதான் பேசிகினு கீறேன்னு. அவங்க நம்பல. போன ஜன்னல் பக்கம் திருப்பிக் காட்டுனேன். அம்மன், மாமா, நீ மேல நிக்கிறது, எல்லாத்தயும் பாத்தாங்க. பாத்துட்டு கையெடுத்துக் கும்புட்டாங்க.”

“நேரம் ஆவுது, தட்டு!” என்றார் பூசாரி. மழை வலுத்துக்கொண்டு வந்தது. அஞ்சலை இரண்டு கையாலும் தட்டை நீட்டினாள். பூசாரி தேங்காயை உடைத்துவிட்டு, வழக்கம்போல் கேட்டார். “பேரு, நட்சத்திரம் சொல்லுங்க. பாப்பா பேருக்குத்தான?”

அஞ்சலை வாயைத் திறப்பதற்குள் கிருஷ்ணப்பிரியா முந்திக்கொண்டாள். “என் பேருக்கு அப்பால பண்ணிக்கலாம். மொதல்ல அந்த மேடம் பேருக்குப் பண்ணுங்க. கடசியா அவங்க கேட்டது அது ஒண்ணுதான். உங்க சாமிகிட்ட எனக்காகவும் வேண்டிக்கோன்னாங்க.”

“பேரு?”

“சிம்ரன்.”

பூசாரி அந்தப் பேரை ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பழகினார். “நட்சத்திரம்?”

“தெரியாது.”

“குலம், கோத்திரம், எந்த ஊர்க்காரங்க? ஏதாவது ஒண்ணு சொன்னாத்தான அம்மனுக்கு அடையாளம் தெரியும்?”

அவள் உதட்டைப் பிதுக்கினாள். மழை அத்தனை பேரையும் நனைத்துக்கொண்டிருந்தது. துலுக்கானம் முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்துவிட்டு, பொறுமையில்லாமல் ஒரு அதட்டல் போட்டார்.

“இன்னாய்யா நோண்டி நோண்டி கேட்டுகினு கீறே? நம்ம தெருவுன்னு சொல்லு!”

பூசாரி கற்பூரத்தை மழைக்கு மறைத்துப் பிடித்துக்கொண்டு, எல்லையம்மன் கோயில் தெரு சிம்ரனுக்காக உரக்க அர்ச்சனை சொன்னார். அம்மன் சப்பரம் அசைந்து அடுத்த வாசலுக்குக் கிளம்பியது. மேலே ஒருவர் நனைந்துகொண்டே, யாருக்கும் தெரியாமல் தோளைத் தேய்த்துக்கொண்டே, அடுத்த ஒயருக்குக் கழியை நீட்டினார்.

நீங்களும் நன்றாக இருங்கள் கண்ணுகளா. உங்கள் வீட்டுப் பிள்ளைகள் பேசத் தொடங்கினால் பாதியில் அறுந்து போகாமல் இருக்கட்டும். அவர்கள் பேசும்போது சுற்றி நிற்கிறவர்கள் வாயை மூடிக்கொண்டு கேட்கட்டும். அடுப்பில் கூழும், வாசலில் தட்டும், வந்து நிற்கிறவர்களுக்கு இடமும் என்றைக்கும் குறையாமல், உங்கள் குடி தழைத்திருக்கட்டும்.